மேல் சுரம்

திருச்செங்கோட்டு மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் வெயில் இறங்கிக்கொண்டிருக்கிறது. குழந்தைவேல் புல்லாங்குழலைத் தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்து உதட்டில் வைக்கிறான். கல்யாணத்துக்கு முன் கோயில் நோம்பிகளில் ஊதிய குழல். அப்புறம் இருபது வருசம் ரிக் வண்டியோடு ஊர் ஊராய் ஆழ்துளைக் கிணறு போட்டுத் திரிந்துவிட்டு, அந்த வேலையை விட்டுப் போன வாரம்தான் வீடு வந்திருக்கிறான். கம்ப்ரசர் பக்கத்திலேயே நின்று குழாய் மாட்டிக் காய்த்துப்போன விரல்கள், துளைகளை மறக்கவில்லை. கீழ்ச் சுரங்கள் கனிந்து வருகின்றன. பாட்டு மேலே ஏறுகிறது. ஏறிய இடத்தில் ஒன்றுமே இல்லை. மூங்கில் வெடித்துவிட்டதோ என்று வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்கிறான். ஒரு கீறல்கூட இல்லை. மூச்சைக் கூட்டி மறுபடி ஊதுகிறான். கழுத்து நரம்பு புடைக்கிறது. அப்போதும் ஒன்றுமில்லை.

மூலையில் புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருக்கும் அவன் மனைவி பூங்கொடி நிமிர்கிறாள்.

"ஏனுங்க, மெதுவா ஊதுங்க. ரெண்டு தெருவுக்குக் கேக்குது."

"மேல போறப்பவுமா?"

"அங்கதானுங்க காதைக் கிழிக்குது."

அவன் குழலையே பார்த்துக்கொண்டிருக்கிறான். காதுக்குள் கம்ப்ரசர் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. பிறகு அவளுக்கு நேராகத் திரும்பி உட்கார்ந்து, அதே பாட்டை முதலிலிருந்து மெதுவாக எடுக்கிறான். அவள் கை புளியிலேயே நின்றுவிடுகிறது. அவனுக்குக் கேட்காத அந்த இடம் வந்ததும் அவள் புருவம் லேசாக உயர்கிறது, கண்கள் மூடிக்கொள்கின்றன. அவள் கண்ணைத் திறக்கும்வரை அவன் விரலை எடுப்பதில்லை.