அசைவுக்குக் காசு

வீடியோ அழைப்பில் இப்போதெல்லாம் அசைவுக்கும் பேச்சுக்கும் மட்டும்தான் காசு. சும்மா உட்கார்ந்திருந்தால் எவ்வளவு நேரமானாலும் இலவசம். இரண்டு பக்கத்துச் செலவும் தோகாவில் வேலை பார்க்கும் சிவநேசன் தலையில்தான் விழும். அதனால் அவன், காலண்டர்கூடப் படபடக்காதபடி ஏசியை நிறுத்திவிட்டு, வியர்வையைத் துடைக்காமல், வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பான். தான் மிச்சம் பிடிக்கும் அசைவில் பரமக்குடி வீட்டில் மகள் தாரகை இன்னும் கொஞ்சம் ஓடி விளையாடட்டுமே! அவன் ஊரைவிட்டுக் கிளம்பியபோது அவள் கைக்குழந்தை.

அன்று வெள்ளிக்கிழமை. மனைவி பவானி போனை அலமாரியில், இறந்துபோன அவன் அப்பாவின் படத்துக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்துவிட்டு அடுப்படிக்குப் போயிருந்தாள்.

தாரகை மல்லிகைச் சரத்தோடு ஸ்டூலில் ஏறினாள்.

"தாத்தாவுக்குப் பூ வச்சிட்டியாடி?" என்று உள்ளேயிருந்து பவானியின் குரல் கேட்டது.

"வச்சிட்டேம்மா. அப்பா படத்துக்கும் வைக்கிறேன்."

பிஞ்சு விரல்கள் நெருங்கி வந்தன. சரம் போனை மூடியது.

சிவநேசன் எழுந்து இரண்டு கைகளையும் வீசி வீசி ஆட்டினான். "தாரகை!" என்று கத்தினான்; காசை மிச்சம் பிடிக்க எப்போதும் அணைத்தே வைத்திருக்கும் மைக் அவன் நினைவுக்கு வரவில்லை. பூவுக்குப் பின்னால் அவன் ஆடுவது யாருக்கும் தெரியவில்லை. காசு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.