சிப்ஸ் தின்றது யார்?

“வெள்ளிக்கிழமை இந்த மேசையில உக்காந்து சிப்ஸ் தின்னது யாரு?”

தலைமை ஆராய்ச்சியாளர் கெர்ரின் ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்தபடி வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள். தின்றது ஆங்கஸ்தான். பிரிஸ்பேனில் இருந்த அந்த ஷாம்பூ ஆய்வகத்துக்குள் வாயில் எதைப் போட்டாலும் வேலை போய்விடும்.

“நான் இல்ல, கெர்ரின்.”

“பீக்கர் பக்கத்துல பொட்டலக் காகிதம் கிடந்துச்சு. மேசையெல்லாம் உப்பு!”

“டேரல்தான். எந்நேரமும் எதையாவது கொறிச்சுக்கிட்டே இருப்பான்.”

பக்கத்து மேசையிலிருந்து டேரல் துள்ளி எழுந்தான். “அடப்பாவி! அபாண்டமா பேசாதடா!”

“சத்தியமா, கெர்ரின். என் கண்ணால பாத்தேன்.”

கெர்ரின் ஒளித்து வைத்திருந்த பீக்கரை வெளியே எடுத்து, தன் தலைக்கு நேராகக் கவிழ்த்துப் பிடித்தாள். ஒரு சொட்டுகூட விழவில்லை.

“ஷாம்பூவுக்காக ரெண்டு சோப்புக் கரைசலை எட்டு மாசமா கலக்குறோம், தண்ணியாவே கிடந்துச்சு. இந்தச் சிப்ஸ் உப்பு விழுந்ததும் ஜெல்லி மாதிரி இறுகிடுச்சு பாருங்க! காப்புரிமையில தின்னவன் பேரைத்தான் முதல்ல போடப் போறேன்.”

ஆங்கஸ் வாயைத் திறப்பதற்குள் டேரல் முந்திக்கொண்டான்.

“மன்னிச்சிடுங்க, கெர்ரின். பசி தாங்கல. உப்பைக் கொஞ்சம் தூக்கலாவே போடச் சொல்லி வாங்கியிருந்தேன்.”

“நிஜமா நீதானா?”

“அதான் ஆங்கஸே கண்ணால பாத்திருக்கானே!”