சாயம் சொன்ன சமாதானம்

இரண்டு மழைநீர்க் கால்வாய்கள் கூடும் இடத்தில், சுவரோரம் தேங்கிய தண்ணீரில் ஒரு தவளை முட்டையிட்டிருந்தது. மழை பிடித்துக்கொண்ட அன்று, சாயப் பட்டறைப் பக்கமிருந்து சிவப்புச் சாயம் வருவதைக் கண்டு எதிரே போய் நின்றது.

"ஓரத்தில் என் முட்டைகள் இருக்கு. நடுவாலேயே ஓடிப் போயிடேன்."

"நான் ஒரு கையளவுதான் இருக்கேன்," என்றது சாயம். "இத்தனை தண்ணீரில் கரைந்தால் என் நிறம்கூடத் தெரியாது. பயப்படாதே."

சொன்னபடியே அது நிறம் தெரியாமல் கரைந்துபோனது. அடுத்த கால்வாயில் பேட்டரிக் கடை அமிலம் வந்தது. தான் சில சொட்டுதான் என்றது அது. பின்னால் வந்த சலவைத் தண்ணீரும் அப்படியே சொன்னது. தவளை நம்பி வழிவிட்டது.

மழை விட்டதும் நடுவில் ஓடிய தண்ணீர் ஆற்றுக்குப் போய்விட்டது. ஓரத்தில் சுழன்ற தண்ணீர் மட்டும் போக வழியின்றி, பார்வைக்குத் தெளிவாக அங்கேயே நின்றது. நான்காம் நாள் முட்டைகள் உயிரற்று வெளுத்துவிட்டன.

"இதைச் செய்தது யார்?" என்று தவளை தண்ணீரைக் கேட்டது.

"எனக்குள்தான் எல்லாரும் இருக்காங்க," என்றது தண்ணீர். "யார் எவர் என்று பிரித்துச் சொல்ல எனக்கே தெரியலை."

தவளை வெளுத்த முட்டைகளின் பக்கத்திலேயே பொழுது சாயும்வரை உட்கார்ந்திருந்தது.