சொல்லாமல் அணையாத விளக்கு

இரண்டு உள்ளங்கைகளிலும் கட்டுப் போட்டுக்கொண்டு வந்து, ராத்திரியில் பாறை ஏறுவதற்கு விளக்கு கேட்டவரை விற்பனையாளன் மேலும் கீழும் பார்த்தான். தொப்பை, மூக்குக்கண்ணாடி, இன் பண்ணிய சட்டை. மாடிப்படி ஏறினாலே பாதியில் உட்கார்ந்துவிடுகிற ஆள்.

கூட வந்த மனைவி, ஷூ போட்டுப் பார்க்கும் முக்காலியில் உட்கார்ந்து செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மடியில் ஒரு துணிப்பை. புருஷனின் கூத்தைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போனவள் என்று முடிவு கட்டினான்.

"கையில என்ன சார் அடி?"

"பாறையிலதாங்க. போன வாரம்."

சிரிப்பை அடக்க இருமினான். பாறை ஏறுகிறவனுக்கு விரல் நுனி தேயும், முட்டி சிராயும். இவருக்கு உள்ளங்கை போயிருக்கிறது. பாறையைக் கட்டிப்பிடித்தபடியே வழுக்கி வந்திருப்பார் மனுஷன்!

கண்ணாடி மேஜைமேல் நாலு விளக்குகளை எடுத்துப் போட்டான். எல்லாம் தலையில் பட்டையோடு மாட்டிக்கொள்கிற, சார்ஜ் போடுகிற வகை. "இதை எடுத்துக்குங்க. எண்ணூறு லூமென் வெளிச்சம். பட்டனை அமுக்கினா பட்டப்பகல்தான்."

"அவ்வளவு வேணாங்க. பாறை மூஞ்சிக்கு நேரா இருக்கும், பட்டுத் திரும்பினா கண்ணு கூசும். சார்ஜ் தீரப்போகுதுன்னா இது முன்னாடியே சொல்லுமா?"

"லைட்டு வாய்விட்டு வேற சொல்லணுமா சார்?"

"இல்லீங்க, சிலது பொசுக்குனு அணைஞ்சிடுது. அதுக்கு முன்னாடி நாலஞ்சு தடவை சிமிட்டினா தேவலை. அது கீழருந்து பாக்குறவங்களுக்கும் தெரியணும்."

ஆளுக்கு ஏறத்தான் தெரியாது என்று நினைத்தால் விளக்கு வாங்கவும் தெரியவில்லை. "மேல ஏறுறவருக்குத்தானே சார் லைட்டு? கீழ இருக்கிறவனுக்கு அது தெரிஞ்சா என்ன, தெரியாட்டி என்ன?"

"கீழ ஒருத்தர் கயிறைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாருங்களே."

"அவன் கிடக்கிறான் சார்."

கையை நீட்டிச் சுவரில் இருந்த பெரிய படத்தைக் காட்டினான். முழுக்கக் கறுப்பு. நட்டநடுவில் ஒரு புள்ளி வெளிச்சம், அதில் பாறையைப் பற்றிய ஒரு கை மட்டும் தெரிந்தது.

"யார்னு தெரியுதா? பல்லி. அப்படித்தான் எல்லாரும் கூப்பிடுவாங்க. ராத்திரியில மட்டுந்தான் ஏறுவாரு. இன்னிக்கு வரைக்கும் மூஞ்சியக் காட்டினதில்ல. இந்த மாசக் கடைசியில ஏறப்போறாரு, கயிறு பிடிக்க அவசரமா ஆள் வேணும்னு போட்டிருந்தாங்க. எழுதிப் போட்டிருக்கேன். இந்தக் கடை விலாசம், என்னோட பத்து வருஷ அனுபவம், எல்லாம் கொடுத்திருக்கேன். எந்நேரமும் கூப்பிடுவாங்க."

அந்தப் பத்து வருஷத்தில் அவன் அதிகம் ஏறியது, மேல்தட்டிலிருந்து ஷூ டப்பா எடுக்கிற ஏணியில். ஆனால் மூன்று நாளாக அவனுக்குச் சோறு இறங்கவில்லை என்பது நிஜம். நிமிஷத்துக்கொரு தரம் செல்போனை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். இந்த ஒரு வாய்ப்பு தவறினால் ஆயுசுக்கும் ஷூ டப்பாதான் என்று அவனுக்கே தெரியும்.

தொப்பைக்காரரின் முகம் மலர்ந்தது. "அப்போ கயிறு பிடிச்சு நல்ல பழக்கம் இருக்குங்களா?"

"அதுல பழக என்ன சார் இருக்கு? மாடு கட்டுற முளைக்குச்சி செய்யிற வேலை. அண்ணாந்து வாயைப் பொளந்துக்கிட்டு நிக்கணும், அவ்வளவுதான். முதல் தடவை எப்படியாவது உள்ள நுழைஞ்சிட்டாப் போதும், அடுத்த தடவை பல்லிகூடவே நானும் மேல போயிடுவேன். முளைக்குச்சிக்கு வேற எவனாவது இளிச்சவாயன் கிடைப்பான்."

முக்காலியில் இருந்தவள் முதல் தடவையாகத் தலையைத் தூக்கினாள். "நடுவுல லைட்டு அணைஞ்சு, அவரு விழுந்துட்டா?"

பொழுதுபோகாமல் கேட்கிறாள் என்று அவனுக்குப் பட்டது. "பல்லி விழ மாட்டாரு மேடம். அப்படியே விழுந்தாலும் கும்மிருட்டுல என்ன தெரியும்? கயிறு சர்ருனு ஓடும், அதை எவன் பிடிப்பான்? தள்ளி நின்னுக்க வேண்டியதுதான். நம்ம உசுரு நமக்கு முக்கியமில்லையா?"

தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்துக்கொண்டான். மற்ற இருவரும் சிரிக்கவில்லை. சிரிக்கிற அளவுக்கு விவரம் போதாது, பாவம்.

தொப்பைக்காரர் கட்டுப் போட்ட கைகளால் இருப்பதிலேயே சின்ன விளக்கைத் தடுமாறி எடுத்தார். வெளிச்சம் கம்மி, விலையும் கம்மி. அணைவதற்குப் பத்து நிமிஷம் முன்பிருந்தே சிமிட்டும் என்று அட்டைப்பெட்டியில் போட்டிருந்தது. அதை இரண்டு தடவை படித்துவிட்டு, "இதுல ரெண்டு குடுங்க" என்றார்.

"உங்களுக்கு ஒண்ணே அதிகம் சார்" என்று முணுமுணுத்தபடி பில் போட்டான். கேட்டால் கேட்கட்டும். இந்த மாதிரி ஆட்களுக்குப் பெட்டி கட்டிக் கொடுக்கிற பிழைப்பு இந்த மாதத்தோடு சரி.

மனைவி எழுந்து வந்தாள். விளக்குகளைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு, சுவர்ப் படத்தின் முன்னால் ஒரு நிமிஷம் நின்றாள். பிறகு புருஷனின் கையில் வலிக்காமல் முழங்கையாகப் பார்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"வாங்க, உங்க கை ஆறுற வரைக்கும் எனக்குக் கயிறு பிடிக்க வேற ஆளைப் பார்ப்போம்."