அசருக்குப் பிறகு அடக்கம்

நாலு மணிக்குள் ஒன்பது பேர் உமர் ஃபாரூக்கை அடக்கம் செய்ய வந்து, வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டுத் திரும்பிப் போயிருந்தார்கள்.

திட்டாமல் என்ன செய்வார்கள்? ஞாயிற்றுக்கிழமைச் சோற்றைப் பாதியில் விட்டு, தொப்பியை மாட்டிக்கொண்டு, அழுதபடி ஓடி வந்தால், செத்துப்போனவன் லுங்கியோடு வந்து கதவைத் திறக்கிறான். கூட்டாளி சமீருல்லா பளாரென்று ஒன்று விட்டுவிட்டு, அவனையே கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதான்.

மஸ்கட்டிலிருந்து இரண்டு பேர் போனில் அழுதார்கள். பிறகு அவர்களும் திட்டினார்கள்.

பாக்கி ஒரே ஒருவர்தான். மேல்விஷாரத்தில் இருக்கும் அண்ணன் ரஃபி அகமது.

எல்லாம் அந்த ஆப் செய்த வேலை. ஊரில் ஒருவர் மவுத்தானால், சொந்தபந்தம் அத்தனை பேர் போனிலும் உடனே மணி அடித்து, ஜனாஸா தொழுகையும் அடக்கமும் எத்தனை மணிக்கு என்று சொல்லும் ஆப். பகலில் ஆம்பூர் ஷூ கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை, வீட்டுக்கு வந்தால் இந்த வேலை என்று ஒரு வருஷம் உட்கார்ந்து உமரே செய்தது.

செய்து முடித்தவனை, ஆப்பை வெளியிட வேண்டிய ஸ்டோர்காரன் நாலு மாதமாக அலைக்கழித்தான். முதலில், பன்னிரண்டு பேர் பதினாலு நாள் இதை வைத்திருந்து காட்டு என்றான். சாவுச் செய்தி சொல்லும் ஆப்பை எவன் போனில் ஏற்றிக்கொள்வான்? பெண்டாட்டி லுப்னாவே முடியாது என்றுவிட்டாள். தோஸ்துகளின் காலில் விழாத குறையாகப் பதினோரு பேரைப் பிடித்தான். பன்னிரண்டாவதாக, அண்ணி தபஸ்ஸும் அண்ணன் போனில் ஏற்றிவிட்டாள். அண்ணன் அதை அழிக்காமல் விட்டதே உமருக்குப் பெரிய விஷயமாக இருந்தது.

அதற்குப் பிறகும் ‘பரிசீலனையில் உள்ளது’, ‘பரிசீலனையில் உள்ளது’ என்று வாரக்கணக்கில் ஒரே பாட்டு. கடைசியில், உள்ளே ஒரு செய்தியும் இல்லை, சோதிக்க முடியவில்லை என்று திருப்பி அனுப்பினான். ‘டெஸ்ட்’ என்று எழுதிப் போட்டால், பதினெட்டு நாள் கழித்து அதே பதில். பெயர், நேரம், இடம் எல்லாம் நிஜம்போல இருக்க வேண்டுமாம்.

யார் பெயரைப் போடுவது? எந்தப் பெயரை யோசித்தாலும் அந்தப் பெயரில் ஊரில் ஒருவர் இருந்தார். உயிரோடிருக்கிற மனுஷனைச் செத்தான் என்று எழுதக் கை வருமா? இன்று மதியம் ஒரு மணிக்கு, வெறுத்துப்போய், தன் பெயரையே போட்டு அனுப்பிவிட்டான். அசருக்குப் பிறகு அடக்கம் என்றும் எழுதினான். பன்னிரண்டு போனிலும் மணி அடிக்குமே என்பது அந்தப் பேஜாரில் மண்டையில் ஏறவில்லை.

“மொதல்ல அந்த எழவை அழிங்க!” என்று லுப்னா கத்தினாள்.

ஸ்டோர்காரன் பார்க்கும்வரை அழிக்க முடியாது என்றான் உமர். அது பாதிதான் நிஜம்.

இரண்டு வருஷம் முன்பு, பெற்ற அத்தா மக்பூல் அகமது இதே வீட்டில் மவுத்தான அன்று, அண்ணனுக்கு மூன்று முறை போன் போட்டான். எடுக்கவில்லை. மெசேஜ் அனுப்பினான். மண் போட்டு முடித்துக் கூட்டம் கலையும்போதுதான் அண்ணன் வந்து சேர்ந்தார். தகவல் வந்ததே இப்போதுதான், ஆள் விட்டுச் சொல்லியிருக்கலாமே, அத்தா முகத்தைக்கூடப் பார்க்க விடாமல் செய்துவிட்டாயே என்று நாலு பேர் நடுவில் வைத்துக் கேட்டார். அன்றோடு பேச்சு நின்றது.

ஆள் அனுப்பியிருக்கலாம்தானே என்று அன்றிலிருந்து உமர் தன்னையே தின்றுகொண்டிருந்தான். இந்த ஆப்பே அதற்குத்தான்.

இன்றும் அண்ணனுக்குப் போன் போட்டான், எடுக்கவில்லை. அண்ணிக்கு ஒரு போன் போட்டிருந்தால் விஷயம் முடிந்திருக்கும். போடவில்லை. என் மவுத்துக்காவது வரட்டுமே என்று அல்பமாக ஓர் ஆசை. மேல்விஷாரத்திலிருந்து வர இரண்டு மணி நேரம் போதும்.

மூன்றானது. நாலானது. அசர் தொழுகை முடிந்து ஜனங்கள் பள்ளிவாசலிலிருந்து வீடு திரும்பினார்கள். உமர் வாசலிலேயே நின்றான். சரி, அண்ணனுக்கு நான் இவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டான்.

பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு சொல்லி முடித்த நேரம், ஆட்டோ வந்து நின்றது.

அண்ணன்தான். கண் இரண்டும் வீங்கியிருந்தன. மணிக்கணக்கில் அழுத முகம். வாசலில் நின்றவனைப் பார்த்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். உமர் ஓடிப்போய்த் தூக்கி, நடந்ததைத் திக்கித் திணறிச் சொன்னான். அது அவர் காதில் விழுந்ததா தெரியவில்லை. கன்னம், கழுத்து, தோள் என்று தம்பியைத் தடவித் தடவிப் பார்த்தார்.

“நாலு மணிக்கு மேலதான்டா எனக்குத் தகவலே வந்துச்சு. சத்தியமா சொல்றேன். யாருமே சொல்லலடா.”

உமரின் கையிலிருந்த போன் அதிர்ந்தது. ஸ்டோர்காரன். நாலு மாதம் கழித்து ஒப்புதல் கொடுத்துவிட்டான்.

இனி அழித்துவிடலாம். அண்ணனை ஒரு கையால் அணைத்தபடியே ஆப்பைத் திறந்தான். அவன் பெயருக்குக் கீழே, செய்தியை யார் எப்போது பார்த்தார்கள் என்ற பட்டியல் இருந்தது. பன்னிரண்டு பெயர்கள். முதலில் பார்த்தவர் மேலே.

ரஃபி அகமது, 1.04.

உமர் அந்த வரியை இரண்டு முறை படித்தான். அப்படியானால் அத்தாவின் தகவலும் அன்றைக்குப் போய்த்தான் சேர்ந்திருக்கிறது.

அண்ணனின் உடம்பு இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது. மவுத்தானவர் முகத்தைப் பார்க்கும் தெம்பில்லாமல், மண் மூடும்வரை எங்கேயோ உட்கார்ந்து அழுத உடம்பு.

உமர் செய்தியை அழித்தான். பட்டியலும் அதோடு போனது.

“ஆமாண்ணா,” என்றான். “இந்த ஆப்பே சரியில்ல. தகவல் லேட்டாத்தான் போவுது.”