இருபது வருஷப் பூஜ்யம்

"எங்கப்பா உடம்புல எவ்வளவு கதிர்வீச்சு ஏறுச்சு? பதிவேட்டைக் காட்டுங்க."

அப்பா உயிரோடிருந்தவரை கேட்கவே கூடாது என்று அடக்கி வைத்திருந்ததை ரோவீனா இன்று கேட்டேவிட்டாள்.

அப்பா வேலை பார்த்த, இப்போது மூடிய யுரேனிய ஆலையைச் சுத்தம் செய்யும் மேலாளர் கார்ட்ரைட் பதிவேட்டை அவள் பக்கம் தள்ளினார். "இருபது வருஷமும் பூஜ்யம். பார்த்துக்கோ."

"கதிர்வீச்சை அளக்குற பேட்ஜை லாக்கர்ல வெச்சுட்டு உள்ள போகச் சொன்னா பூஜ்யம்தான் வரும்."

"அதை உங்கப்பன் கல்லறையிலேர்ந்து வந்து சொல்லட்டும். கிளம்பும்மா, நிலம் சுத்தம்னு கையெழுத்துப் போட மாநில அதிகாரி வர்ற நேரம்."

"வந்து பத்து நிமிஷமாச்சு." மாநில அதிகாரி என்ற தன் அடையாள அட்டையை மேசையில் போட்டாள்.

கார்ட்ரைட் எழுந்துவிட்டார். "மேடம்... காபி?"

"இதை எழுதின கைதானே மண்ணுல கதிர்வீச்சு இல்லேங்கிற கணக்கையும் எழுதுச்சு? ஊர்ப் பிள்ளைங்க விளையாடப்போற இடம். அடி அடியா மறுபடி தோண்டுங்க."

வெளியே நடந்த ரோவீனா, கையெழுத்துப் போட வரும்போதே பேனா கொண்டு வந்திருக்கவில்லை.