விக்ரமுக்கு ஒரு பார்சல்

"ஆத்தா செல்வி, இத மட்டும் எப்பிடியாச்சும் விக்ரம்கிட்டச் சேத்துரு."

எதிர் வீட்டு அழகுமலை கூடத்தில் இறக்கி வைத்த பார்சலைப் பார்த்ததும் கனகலட்சுமிக்குத் தலை சுற்றியது. ஆட்டுக்குட்டியை உள்ளே வைத்துக் கட்டியது போல அத்தனை பெரிசு.

"மாமா, எனக்கு மொத்தமே முப்பது கிலோதான்," என்றாள் முத்துச்செல்வி. மறுநாள் அவள் அயர்லாந்துக்குப் படிக்கப் போகிறாள். அழகுமலையின் மகன் விக்ரம் அவள் போகிற ஊரில்தான் வேலை பார்க்கிறான்.

"பத்து கிலோதான்த்தா. நீ பிரிக்க வேணாம், நேரா அவன் கையில குடுத்துரு. மாப்ள, நான் வாரேன்!"

பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டார்.

"பாத்தீகளா?" கனகலட்சுமி கணவரிடம் பொரிந்தாள். "பிள்ள மொத மொதல்ல தேசம் விட்டுத் தேசம் போகுது. ஒரு சாக்லேட்டு வாங்கியாந்து குடுத்தாரா? தம் மகனுக்கு மட்டும் மூட்டையக் கட்டிக்கிட்டு வந்துட்டாரு!"

முத்துப்பாண்டி மீசையைத் தடவினார்.

"குடுத்தாலும் நான் வாங்கப் போறதில்ல. எம்பிள்ளைக்குச் செய்ய எனக்குத் தெரியும். மொதல்ல எடையப் போடுவோம்."

பார்சலைப் பெட்டிக்குள் திணித்தார்கள். வீட்டில் இருந்தது ஆள் ஏறி நிற்கிற எடை மெஷின். அதன்மேல் பெட்டியை வைத்தால் நம்பர் மறைந்துவிட்டது. அதனால் முத்துப்பாண்டி பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு மெஷினில் ஏறினார்.

"நூத்திப் பன்னெண்டு," என்று குனிந்து படித்தாள் செல்வி. "உங்க எடை எம்புட்டுப்பா?"

"எழுவது."

"எப்பப் பாத்தது?"

"எங் கல்யாணத்தப்ப."

தாயும் மகளும் அவருடைய தொந்தியைப் பார்த்தார்கள்.

"பெட்டிய இறக்கி வச்சுட்டு ஒருக்கா சும்மா ஏறுங்கப்பா."

"எதுக்கு? என் எடை எனக்குத் தெரியாதா? கல்யாணத்துல போட்ட மோதிரம் இன்னைக்கும் வெரல்ல கெடக்குல்ல!"

"அது கழட்ட முடியாமக் கெடக்கு," என்றாள் கனகலட்சுமி.

முத்துப்பாண்டி காதில் வாங்கவே இல்லை. அவர் கணக்குப்படி பெட்டி நாற்பத்திரண்டு கிலோ. பன்னிரண்டு கிலோ கூடுதல்.

"இட்லிப் பொடியில கை வைக்கக் கூடாது," என்று முந்திக்கொண்டாள் கனகலட்சுமி. "பருப்புப் பொடி, வத்தல், மோர் மொளகா, எதுலயும் வைக்கக் கூடாது."

"அப்ப எத எடுக்குறது?"

மூன்று பேர் கண்ணும் பார்சலில் போய் நின்றன.

"தப்பும்மா. மாமா நம்பிக் குடுத்துட்டுப் போயிருக்காரு."

"ஏர்போர்ட்டுல பிடுங்கிட்டாகன்னு நான் சொல்லிக்கிறேன்," என்றார் முத்துப்பாண்டி.

பார்சல் வெளியே வந்தது. மீதி ரெண்டு கிலோவுக்குச் செல்வியின் ஜீன்ஸும் ஷூவும் வெளியே வந்தன. மோர் மிளகாய் அப்படியே இருந்தது.

மறுநாள் மதுரை ஏர்போர்ட்டில் அழுது முடித்து உள்ளே போன செல்வி, கொஞ்ச நேரத்தில் போன் செய்தாள்.

"அப்பா, பெட்டி பதினெட்டு கிலோதான் இருக்காம்!"

"மெஷினு கோளாறா இருக்கும்த்தா. நீ நல்லபடியாப் போயிட்டு வா."

விளாங்குடி வீட்டுக்குத் திரும்பியதும் கனகலட்சுமிக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"அப்பிடி என்னதான் வச்சிருக்காரு, பிரிச்சுப் பாப்பமா?"

தடிமனான கம்பளி ஸ்வெட்டர், கையுறை, போர்வை, ஒரு சின்னக் குக்கர், பனையோலைப் பெட்டி நிறையச் சீரணி மிட்டாய்.

கனகலட்சுமி ஸ்வெட்டரை விரித்துப் பார்த்துச் சிரித்தாள். "விக்ரமு ஆறடி நிக்கிறான். இது அவனுக்கு எந்த மூலைக்கு? பள்ளிக்கூடத்துல படிச்ச பயலாவே நெனச்சுக்கிட்டு இருக்காரு போல. பெத்த மகன் சைஸு தெரியாத மனுசன்!"

"மிட்டாய் வீணாப் போயிறப் போகுது," என்று முத்துப்பாண்டி கவலைப்பட்டார். அந்தக் கவலையிலேயே பாதிப் பெட்டி காலியானது. குக்கர் வீணாகக் கிடக்க வேண்டாம் என்று அடுப்பில் ஏறியது.

ரெண்டு நாள் கழித்துச் செல்வி போன் செய்தாள்.

"குளிரு தாங்கலப்பா. நம்ம வாங்குன ஸ்வெட்டரு மதுர மார்கழிக்குத்தான் ஆகும் போல. பல்லு டைப் அடிக்குது."

"போர்வையச் சுத்திக்கத்தா."

"எங்க இருக்கு போர்வை? நாளைக்கு விக்ரம் வேற என்னப் பாக்க வாராரு. பார்சலக் கேட்டா நான் என்னத்தச் சொல்ல?"

அவர் போனை வைப்பதற்கும் அழகுமலை வாசலில் வந்து நிற்பதற்கும் சரியாக இருந்தது.

"என்ன மாப்ள, பிள்ள நல்லபடியாப் போய்ச் சேந்துருச்சா?"

உள்ளே குக்கர் வீல் என்று கத்தியது. கனகலட்சுமி அடுப்படிக்கு ஓடினாள்.

"சேந்துருச்சு மச்சான்," முத்துப்பாண்டி மீசையில் ஒட்டியிருந்த சீரணியைத் துடைத்துக்கொண்டார். "ஆனா பாருங்க, உங்க பார்சல ஏர்போர்ட்டுல பிடுங்கிட்டாக."

அழகுமலை பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அம்புட்டையுமா? ஸ்வெட்டரக்கூட விடலயா?"

"ஒண்ணு விடல."

"அட கடவுளே! அந்தக் குளிர்ல என்ன செய்யும்?"

"வருத்தப்படாதீக மச்சான். விக்ரமு அங்கேயே ஒண்ணு வாங்கிக்கிர மாட்டானா?"

"விக்ரமுக்கா?" அழகுமலை நிமிர்ந்தார். "அவன்கிட்ட நாலு ஸ்வெட்டரு கெடக்கு மாப்ள. உனக்குத்தான் அடுத்தவன்கிட்ட ஒண்ணு வாங்குறதுன்னாலே கௌரவம் இடிக்குமே, அதான் அவன் பேரச் சொல்லிக் குடுத்தேன். அம்புட்டும் நம்ம செல்விக்கு வாங்குனதுய்யா!"